பார்த்துவிட்டுச் சிரிப்பவள்

ஜனவரி 11

என் கடுகுக்கு,

அம்மா எழுதுகிறேன். குற்றம் சொல்ல எழுதவில்லை. போனில் நீ பேசினால் எனக்கு மிளகு பேசுவது போலவே கேட்கிறது. நான் அழ ஆரம்பித்துவிடுகிறேன். நீ அந்தப் பக்கம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நிற்கிறாய். "இனிமே போன் வேண்டாம்மா, எழுது" என்று நீதான் சொன்னாய். ஐந்தாவதோடு நின்ற கை இது. கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீங்கள் ரெண்டு பேரும் பிறந்தபோது ஒரு துண்டுக்குள் அடங்கிவிட்டீர்கள். அப்பா பார்த்துவிட்டு, "இது கடுகு, இது மிளகு" என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து, "இதுல எது கடுகு?" என்றார். கண் மூடுகிற வரைக்கும் அந்த மனிதர் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், பக்கத்து வீட்டில் கேட்டார்கள். நான் ஒருத்திதான் ஒரு தடவைகூட மாற்றிக் கூப்பிட்டதில்லை. எனக்கு வேறு பெருமை ஏது?

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். மிளகைச் சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்த பிறகு முதல் தடவையாக வந்தாய். நான் அடுப்பில் தேநீர் வைத்திருந்தேன். நீ பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் படத்துக்கு முன்னால் நின்றாய். நான் தம்ளரோடு வெளியே வந்தால், நீ செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாய். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்றாய். இப்போதுதானேடி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாய்? உன் தேநீர் ஆடை படிந்து சாயங்காலம் வரை அங்கேயே இருந்தது. கொட்ட மனம் வரவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால் நீ சொல்ல மாட்டாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் வேறு ஒன்று கேட்கிறேன், அதற்காவது பதில் எழுது.

நான் பெருக்கித் துடைக்கிற டியூஷன் சென்டரில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள் அல்லவா? வகுப்பு முடிந்ததும் போர்டைத் துடைப்பது என் வேலை. நேற்று வாத்தியார் ஒரே ஒரு சொல்லைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டிருந்தார். ஒரு பக்கம் சூரியன் படம், இன்னொரு பக்கம் கறுப்பாக ஒரு கிறுக்கல். "இது என்ன சார்?" என்று கேட்டேன். "ரொம்பப் பெரிய வித்தியாசம்க்கா, அதைச் சொல்ற சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வித்தியாசம் என்று காதில் விழுந்ததும் எனக்குத் துடைக்கக் கை வரவில்லை. உங்களைப் பெற்றவளுக்கு வாழ்நாள் முழுக்க அதுதானே வேலை.

பார்த்து அப்படியே வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். முதல் எழுத்து படம் எடுத்த பாம்பு மாதிரி இருக்கும். கடைசி எழுத்து காலை நீட்டி உதைக்கிற ஆள் மாதிரி இருக்கும். அதற்கு என்ன அர்த்தம், எங்கே போட்டுப் பேசுவார்கள் என்று எழுது.

அம்மா


ஜனவரி 19

அம்மா,

கடிதம் கிடைத்தது. நீ வரைந்து அனுப்பியதை 'ஸ்டார்க்' என்று படிக்க வேண்டும்.

இரண்டுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் அப்பட்டமாக, மறைக்க முடியாதபடி, கொஞ்சம் கடுமையாகவே தெரியும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். பெரும்பாலும் வித்தியாசம், முரண் போன்ற சொற்களுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். தட்டுமுட்டுச் சாமான் எதுவும் இல்லாத வெற்று அறையையும் இப்படிச் சொல்வதுண்டு. ஏற்றுக்கொள்ளப் பிடிக்காத உண்மையையும் சொல்லலாம். சந்தோஷமான விஷயங்களுக்கு அவ்வளவாக வராது.

உதாரணம்: பாலைவனத்தில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்டார்க்கானது.

இங்கே வேலை அதிகம். மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்.

கடுகு


ஜனவரி 26

கடுகு,

உன் கடிதத்தை மாடி வீட்டுத் தையல்காரியிடம் காட்டினேன். "என்னக்கா, ஃப்ரிட்ஜ் ரிப்பேருன்னு கம்ப்ளெயின்ட் எழுதினா இப்படித்தான் பதில் வரும்" என்றாள். உன் ஆபீஸில் அதுதானே வேலை, ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனவர்களுக்கு உட்கார்ந்து பதில் எழுதுவது. "வருந்துகிறோம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் சரியாகவே இருந்திருக்கும். சும்மா சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பதில் வந்ததே எனக்குப் போதும். தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இப்போது அந்தச் சொல் எனக்கு வாயில் வந்துவிட்டது. நானே சில வாக்கியம் செய்தேன். சரியா என்று பார்த்துச் சொல்.

என் வலது கால் செருப்புக்கும் இடது கால் செருப்புக்கும் ஸ்டார்க்கான வித்தியாசம் இருக்கிறது. வலது சீக்கிரம் தேய்கிறது.

காலையில் போட்ட தேநீருக்கும் சாயங்காலம் போட்ட தேநீருக்கும் ஸ்டார்க்கான வித்தியாசம் இருக்கிறது.

வகுப்பில் அன்றைக்கு எல்லாரையும் ஒவ்வொரு வாக்கியம் சொல்லச் சொன்னாராம் வாத்தியார். அடுத்த நாளும் அதே பாடம் ஓடியது. நான் ஜன்னல் துடைக்கிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர் ஒருத்தர் படிக்கிறார், வெளிநாட்டுக்கு வண்டி ஓட்டப் போகிறாராம். அவர் எழுந்து, "சார், மேப்புல காட்டுற ரோட்டுக்கும் நேர்ல இருக்கிற ரோட்டுக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் என் பக்கம் கையைக் காட்டி, "அக்கா வர்றதுக்கு முன்னாடி இந்த ரூமு, அக்கா வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் இந்த ரூமு. அதான்யா ஸ்டார்க்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து மிளகிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக நடந்தேன். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

படத்திடம் சொன்னேன். அதைப் பற்றித்தான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் தப்பாக நினைப்பார்கள்.

தையல்காரி வந்து அந்தப் படத்தைப் பார்த்தால் அழுகிறாள். மிளகோடு பாக்டரியில் மாத்திரை அட்டை அடுக்கிய பெண்கள் வந்தார்கள், அவர்களும் பார்த்த உடனே அழுதார்கள். எனக்கு மட்டும் அந்தப் படத்துக்கு முன்னால் அழுகை வரவில்லை. பாத்திரம் கழுவும்போது வருகிறது. பஸ்ஸில் வருகிறது, அவள் சீப்பைப் பார்த்தால் வருகிறது. படத்துக்கு முன்னால் போய் நின்றால் அப்படியே அடங்கிவிடுகிறது. பெற்ற வயிறு கல்லாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் படத்தை எத்தனை தேடித் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? உங்களை நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பேன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை. நீ சிரித்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பாய். அவள் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பாள். அவ்வளவுதான், வேறு ஒரு மச்சம்கூட உங்களுக்குள் வித்தியாசம் கிடையாது. அதனால்தான் எந்தப் போட்டோவிலும் மிளகு சிரித்திருக்க மாட்டாள். அவள் பார்த்து முடிப்பதற்குள் போட்டோக்காரர் அமுக்கிவிடுவார். எல்லாப் படத்திலும் திருதிருவென்று பார்த்தபடி நிற்பாள். பாக்டரி ஐடி கார்டில் ஒட்டியிருந்த ஒன்றில்தான் அழகாகச் சிரித்திருந்தாள். கார்டைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுப்பதற்கு முன்னால் ஸ்டுடியோவில் காட்டிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். ஒரு தடவையாவது நேரத்துக்குச் சிரித்தாளே என்று எனக்கு அத்தனை ஆறுதல்.

என் வாக்கியம் சரியா?

அம்மா


பிப்ரவரி 6

அம்மா,

உன் இரண்டு வாக்கியமும் தப்பு.

செருப்புத் தேய்வதை நீதான் கவனித்துச் சொல்கிறாய். யாராவது கவனித்துச் சொல்ல வேண்டிய வித்தியாசத்துக்கு ஸ்டார்க் வராது. தெருவில் போகிறவர் தலையைத் திருப்பியதும் தானாகத் தெரிய வேண்டும். சுட்டிக்காட்டத் தேவையே இருக்கக் கூடாது. தேநீரும் அப்படித்தான். இது சின்ன வித்தியாசத்துக்கான சொல் இல்லை.

டிரைவர் சொன்னது சரி. வாத்தியார் சொன்னதும் சரி.

முகத்தை வைத்து எங்கள் இரண்டு பேரையும் பற்றி இந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. வாழ்ந்த வாழ்க்கையை வைத்துச் சொல்லலாம். நான் உட்காரும் நாற்காலி சுழலும். அவள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தாள். எனக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியாக மரம் தெரியும். அவள் வேலை பார்த்த இடத்தில் ஜன்னலே இல்லை. "எனக்குப் படிப்பு ஏறாது, நீ படி" என்றாள். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும் என்று நினைக்கிறேன். இந்த வித்தியாசத்துக்கு ஸ்டார்க் போடலாம். பிழையில்லாத வாக்கியம்.

இங்கே எனக்கு இரட்டைப் பிறவி ஒருத்தி இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. லீவு எதற்கு என்று கேட்டார்கள். "வீட்டில் ஒரு துக்கம்" என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

என் அறையில் கண்ணாடி ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டுவிட்டேன். தலையைக் குத்துமதிப்பாக வாரிக்கொண்டு போகிறேன்.

படத்தைப் பற்றி எனக்கு எழுதாதே. சொல்லைப் பற்றி மட்டும் கேள்.

கடுகு


பிப்ரவரி 13

கடுகு,

சரி, சொல்லைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

முன்பெல்லாம் ராத்திரி சாப்பிட்டதும் ரெண்டு தட்டு கழுவுவேன். இப்போது ஒன்று. இதற்கு அந்தச் சொல்லைப் போடலாமா? ஒரு தட்டுதானே குறைந்திருக்கிறது, பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் போடக் கூடாதா?

குளியலறைக் கதவை இப்போது நான் தாழ் போடுவதில்லை. யாரும் வந்து தட்டி, "அம்மா, எனக்கு ஷிப்ட்டுக்கு நேரமாச்சு, உள்ள என்ன தூங்குறியா?" என்று கத்தப் போவதில்லை. இதற்குப் போடலாமா?

தெருவிலும் ஒன்றும் மாறவில்லை, வீட்டிலும் மாறவில்லை. அதே பூட்டு, அதே பாய். தெருவில் போகிறவர் தலையைத் திருப்பினால் இந்த வீட்டில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் தெரியும். அப்படியென்றால் இது ஸ்டார்க் இல்லை என்கிறாயா? அந்தச் சொல்லை உண்டாக்கினவன் தெருவில் போகிறவனைக் கேட்டுத்தான் உண்டாக்கினானா, வீட்டுக்குள் இருக்கிறவளைக் கேட்கவில்லையா?

கோபமாக எழுதிவிட்டேன். உன் மேல் இல்லை.

கண்ணாடியைத் திருப்பி மாட்டு. குத்துமதிப்பாக வாரிக்கொண்டு ஆபீஸுக்குப் போகிறாளாம்.

படத்தைப் பற்றி எழுதாதே என்றாய். ஒரே ஒரு விஷயம், இதுவும் வித்தியாசத்தைப் பற்றித்தான். பாக்டரியிலிருந்து அவள் கணக்கு முடிக்க வந்தவர், கார்டு புதுப்பித்த தேதியைச் சொன்னார். நினைத்துப் பார்த்தேன். நீ லீவில் வந்திருந்த வாரம் அது. அவளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, ஒரு கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. கஞ்சியைத்தான் குடித்தாள். படத்தில் பார்த்தால் ரெண்டு கன்னமும் சரியாக இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் சரிசெய்திருப்பார். இப்போதெல்லாம் எல்லாம் செய்கிறார்கள். வீங்கின கன்னத்தோடு எப்படித்தான் அப்படிச் சிரித்தாளோ, பாவம், வலித்திருக்கும்.

அம்மா


பிப்ரவரி 24

அம்மா,

அது நான்.

ஒரு வாரமாக இந்த ஒரு வரியை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் வந்த பிறகு இனி எழுதாமல் இருக்க முடியாது.

மறுநாளுக்குள் புதுப் போட்டோ கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள் என்று பாக்டரியில் சொல்லிவிட்டார்கள். அவள் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ போய் உக்காருடி. நம்ம மூஞ்சிதானே" என்றாள். அவளுடைய யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் போய் உட்கார்ந்தேன். அவளும் கூடவே வந்து ஸ்டுடியோவுக்கு வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் வெளியே வந்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் நல்லா சிரிச்சேனா?" என்று கேட்டாள். ரெண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிக்க முடியாமல் சிரித்தாள். உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவில்லை. பிறகு மறந்தே போனோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குள் வந்தேன். சுவரில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

நான் எத்தனை பேரை மன்னித்திருக்கிறேன் தெரியுமா? அப்பாவை, டீச்சர்களை, அத்தையை, "நீங்க ரெண்டு பேர்ல யாரு?" என்று கேட்கிற எல்லாரையும். வீட்டுக்கு வந்தால் நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் மன்னித்தேன். உலகத்திலேயே எங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீயே என்னை அங்கே மாட்டிவிட்டால், செத்தது யார் அம்மா? நான் யாரிடம் போய்க் கேட்பது?

அடுப்படியில் நீ எனக்குத் தேநீர் போடுகிற சத்தம் கேட்டது. யாருக்குப் போடுகிறாய் என்று தெரியவில்லை. அதனால்தான் கிளம்பினேன்.

கடுகு


மார்ச் 20

என் கடுகுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு அம்மாவை ஏசியிருப்பாய். ஏசிக்கொள்.

உன் கடிதத்தை வேலை செய்கிற இடத்தில் வைத்துப் படித்தேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, லாரி டிரைவர் உட்கார்கிற பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். முதல் வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக ரொம்ப நேரம் ஆயிற்று. போர்டைத் துடைக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் வாத்தியாரே துடைத்துக்கொண்டாராம்.

வந்து படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பார்த்தேன். பார்க்கப் பார்க்க, அட, இது கடுகல்லவா? சிரித்து முடித்துவிட்டு, இனிமேல்தான் ஆளைப் பார்க்கப் போகிறாய். அது உன் சிரிப்பு. எப்படித் தெரியாமல் போயிற்று? "ஏண்டி, நீயாடி இங்க உக்காந்திருக்க இத்தனை நாளா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான். தையல்காரி மேலே தையலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அப்புறம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. அந்த ஆணியைப் பார்த்து அழுதேன், கடுகு. இதுநாள் வரைக்கும் படத்துக்கு முன்னால் வராத அழுகை அத்தனையும் வந்தது. தையல்காரி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். "படம் எங்கக்கா?" என்றாள். "அது என் மகதான், ஆனா உயிரோட இருக்கிற மக" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "சரிக்கா, நீங்க படுங்க" என்றாள்.

செத்தது யார் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கண் ஏமாந்துவிட்டது, நான் மறுக்கவில்லை. அவள் ஒரு தடவையாவது சிரித்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட கண் அது. கார்டில் அவள் பெயர் போட்டிருந்தது, நம்பிவிட்டது. ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் எனக்கு அழுகை வரவே இல்லை என்று உனக்கு எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? உன்னைச் சமாதானப்படுத்த எழுதியதில்லை, அது நீ என்று எனக்கே தெரியாதபோது எழுதியது. ஊரே அழுதது. என்னால் மட்டும் உன்னைப் பார்த்து, செத்தவளைப் பார்த்து அழுவது போல் அழ முடியவில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தேநீர் உனக்குத்தான் போட்டேன். சர்க்கரை கம்மியாக. அவளுக்கு என்றால் ரெண்டு கரண்டி போட்டிருப்பேன்.

இன்னொன்று. படிப்பு ஏறாது என்று அவள் பொய் சொன்னாள் என்று எழுதியிருந்தாய். பொய் சொல்லவில்லை. "உக்காந்து படிச்சாத் தூக்கம் வருதும்மா, நின்னு பாக்குற வேலையாப் பாரு" என்று என்னிடம் சொன்னவள் அவள். நீ பரீட்சைக்குப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து துணையிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, புத்தகத்திலேயே எச்சில் வடிய அவள் தூங்கியது உனக்கு மறந்துவிட்டதா? ஜன்னல் இல்லாத இடம்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவளிடமிருந்து நீ பிடுங்கிக்கொண்டு போகவில்லை. அந்த ஸ்டார்க்கை எடுத்து உன் தலையில் வைத்துக்கொள்ளாதே.

உன் படத்தை அடுப்படி அலமாரியில், என் கண்ணுக்கு நேராக வைத்திருக்கிறேன். காலையில் "எழுந்துட்டியா?" என்று கேட்கிறேன். உயிரோடு இருக்கிறவளிடம் கேட்கிற மாதிரி கேட்கிறேன்.

அவளுடைய படத்துக்கு வீடு முழுக்கத் தேடினேன். தனியாக ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் நீயும் இருக்கிறாய். நீ முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாய், அவள் ஒரு எட்டுப் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கத்தரிக்கோலை எடுத்தேன். அவள் தோளில் உன் கை இருக்கிறது. எங்கே வெட்டுவது? வைத்துவிட்டேன்.

சுவர் இப்போது வெறுமனே இருக்கிறது. ஒன்றும் இல்லாத அறைக்கும் அந்தச் சொல் வரும் என்று எழுதியிருந்தாய். அது சரியான வாக்கியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வா. அம்மா திட்ட மாட்டேன்.

அம்மா


மார்ச் 29

அம்மா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மேலே போகிற ஒருத்தர், "ஃப்ரிட்ஜ்காரங்க ரொம்பத் திட்டிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்ல, எங்கம்மா தேநீர்ல சர்க்கரை போட்டதைப் பத்தி எழுதியிருக்காங்க" என்றேன். அவர் மரியாதையாகப் போய்விட்டார்.

மிளகு என்று ஒருத்தி இருந்தாள் என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னேன். "உங்களை மாதிரியே இருப்பாங்களா?" என்று கேட்டாள். "என்னை மாதிரியே இருப்பா. ஆனா என்னை மாதிரி இல்ல" என்றேன். வாக்கியம் தப்புதான், திருத்தவில்லை.

தெருவில் போகிறவனைக் கேட்டுத்தான் சொல்லை உண்டாக்கினானா என்று கேட்டிருந்தாயே, யோசித்தேன். ஸ்டார்க் அப்படிப்பட்ட சொல்தான். ஊர் பார்க்கிற வித்தியாசத்துக்கானது அது. உன்னைப் போல ஒருத்தி மட்டும் பார்க்கிற வித்தியாசத்துக்கு வேறு சொல் இருக்கிறது. நேரில் வந்து சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கதவைத் தட்டியதும் நீ வந்து திறப்பாய். என் முகத்தைப் பார்த்ததும் உன் வாயில் முதலில் எந்தப் பெயர் வரும்? அவள் பெயர் வந்தால் நான் தாங்குவேனா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றும்.

கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டேன். முதலில் அவள்தான் தெரிந்தாள். கொஞ்ச நேரம் நின்றேன், நகரவில்லை.

கடுகு


ஏப்ரல் 2

கடுகு,

இது உனக்கு நீ கிளம்புவதற்கு முன்னால் வந்து சேரும் என்று தபால்காரர் சொல்கிறார்.

பயப்படாதே. நீ கதவைத் தட்டினால் நான் எந்தப் பெயரும் சொல்ல மாட்டேன். திறந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். நீ சிரித்துவிட்டு என்னைப் பார்ப்பாய். அதைப் பார்த்த பிறகுதான் கூப்பிடுவேன். உனக்குச் சிரிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை, வரும் வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? அவள் பெயரைச் சொல்லி அழ வேண்டியிருந்தால் சுவர் இருக்கிறது, அங்கே போய் அழுதுகொள்கிறேன். உன்னை வைத்துக்கொண்டே அழுவேன், உன் முகத்தைப் பார்த்து அழ மாட்டேன்.

மேலே தையல்காரியிடம் நீ வருகிறாய் என்று சொன்னேன். "பாத்தா எனக்குத் தூக்கிப் போட்டுடும்க்கா, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள். பாவம், அவளிடம் கொஞ்சம் பொறுமையாக இரு.

டியூஷன் சென்டரில் அந்தப் பாடம் எப்போதோ முடிந்துவிட்டது. போர்டில் தினமும் வேறு சொல் வருகிறது, துடைக்கிறேன். டிரைவர் தேறிவிட்டார், போன வாரம் விடைபெற வந்தார். "அக்கா, நம்ம சொல்லு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எங்கே போடக் கூடாது என்பதுகூடத் தெரியும் என்றேன்.

அந்த ஆணியில் ஒன்றும் மாட்டவில்லை. நீ வந்த பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம். வெட்டாமல் ஏதாவது வழி இருந்தால் பார்ப்போம்.

உன் பாயை வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். வெயில் நன்றாக இருந்தது, அவள் பாயையும் சேர்த்தே போட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நீ எழுதிய நாளிலிருந்து இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. துடைக்கும்போதும் ஓடுகிறது, படுத்தாலும் ஓடுகிறது. உனக்குத் தெரிய வழியில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் நீதானே அன்றைக்கு ஸ்டுடியோவில் இருந்தாய். அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தாய், அவளாகச் சிரித்தாய். அவள் தெருவைப் பார்த்தபடி, வீங்கின கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, தனியாகப் படியில் இருந்தாள். நீ உள்ளே அவளாக உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம், வெளியே அவள் யாராக உட்கார்ந்திருந்தாள், கடுகு?